வீட்டுத்தோட்டத்திற் கரட் பயிரிடுதல்

கரட் மலைநாட்டுக்கே உரிய பயிரெனப் பலர் எண்ணுவர். நுவரெலியா, பண்டாரவளைப் பகுதிகளில் இது பெரிதும் பயிராகின்றதாயினும், நியூ குரோடா போன்ற வெப்பந்தாங்கும் இனத்தைத் தெரிந்தெடுத்தால், யாழ்ப்பாணத்து வீட்டுத்தோட்டங்களிலும் குளிர்ந்த மாதங்களிற் பயன்பெறலாம். கிளைவிட்டுக் கோணிய கிழங்கைக் கண்டு விதையைப் பழிப்போர் உளர். குற்றம் பெரும்பாலும் விதையிலன்று. நிலத்தைப் பண்படுத்தாமையிலும் பயிரை ஐதாக்காமையிலுமே உளது.

நிலம்

ஆணிவேரே பருத்துக் கிழங்காகின்றது. அதன் நுனி கல்லிலோ மண்கட்டியிலோ முட்டினாற் கிளைவிடும். ஆகவே, நிலத்தை 12 அங்குல ஆழத்திற்குக் கொத்தி, கற்களைப் பொறுக்கி, கட்டிகளை உடைத்துப் பொடியாக்குக. நன்கு உக்கிய எருவையே இடுக. பச்சைச் சாணம் ஆகாது. முன்செய்த தக்காளி, கத்தரி வேர்களில் முடிச்சுகள் காணப்பட்ட இடத்தைத் தவிர்க்க. நீர் தேங்காவண்ணம் 6 அங்குல உயரத்திற் பாத்தி அமைக்க.

விதைத்தல்

யாழ்ப்பாணத்திற் பெருமழை தணிந்தபின், மார்கழியில் விதைத்தல் நன்று. நாற்றைப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் ஊறுபடுமாதலின், பாத்தியிலேயே விதைத்தல் வேண்டும். 8 அங்குல இடைவெளியில், அரை அங்குல ஆழத்திற் கோடு கீறி, விதையை மணலுடன் கலந்து தூவி, மெல்லென மண்ணால் மூடுக. மேலே வைக்கோல் பரப்பி, நாள்தோறும் பூவாளியால் நீர் தெளிக்க. 7 முதல் 14 நாட்களில் முளைக்கும். முளை கண்டதும் வைக்கோலை மாலை வேளையில் அகற்றுக.

ஐதாக்கல்

முளைத்து 3 வாரமானதும், 2 அங்குலத்திற்கு ஒரு செடி நிற்கத்தக்கதாக ஏனையவற்றைப் பிடுங்குக. செழித்து நிற்குஞ் செடியைப் பிடுங்க மனம் இசையாமை இயல்பே. ஆயின், நெருக்கமாக விடப்பட்டவை விரற்பருமனுக்கு மேற் பெருக்கா. நீர் ஊற்றியபின் பிடுங்கினால் அயற்செடிகளின் வேர் அசையாது.

பராமரிப்பு

மண் எப்போதும் சீரான ஈரத்துடன் இருத்தல் வேண்டும். காயவிட்டு ஒரேயடியாக நீர் பாய்ச்சினாற் கிழங்கு வெடிக்கும். யூரியா மிகுந்தால் இலையே பெருகும். மண்ணுக்கு மேலே தோன்றுங் கிழங்கின் தலைப்பு வெயில் பட்டுப் பச்சை நிறமடையுமாதலின், மண் அணைத்துவிடுக.

அறுவடை

ஏறக்குறைய 90 நாட்களிற் கிழங்கு முற்றும். முதனாள் நீர் பாய்ச்சி, பருத்தவற்றை முதலிற் பிடுங்குக. எஞ்சியவை மேலும் பருக்கும். நெடுநாள் விட்டால் நடுப்பகுதி நார்பற்றிச் சுவை குன்றும். பிடுங்கியவுடன் இலையை நறுக்குக. இன்றேல் இலை கிழங்கின் ஈரத்தை உறிஞ்சி அதனை வாடச்செய்யும்.

கரட்டிலுள்ள கரோட்டீன் உடலில் உயிர்ச்சத்து ஏ ஆக மாறிக் கண்பார்வைக்கு உதவுகின்றது. வளரும் பிள்ளைகளுள்ள ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாத்தியேனும் இருத்தல் நன்று.