பெருமரம் நின்ற இடத்தில்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்து சென்றபோது வேரோடு சாய்ந்துபோன விருட்சங்களை அறுத்து அப்புறப்படுத்திய பிறகு, வெறிச்சோடிய தோட்டத்தைக் காணப் பொறாமல், உடனே அவ்விடத்தில் ஒரு மாங்கன்றையாவது ஊன்றிவிட வேண்டுமென்று ஆவல் கொள்வது மனித சுபாவம். ஆனால், மரம் போன இடம் காலி இடம் அன்று.

நாம் அகற்றியது கண்ணுக்குத் தெரிந்த பாகத்தை மாத்திரமே. அறுபட்ட வேர்கள் பூமிக்குள்ளே நெடுந்தூரம் பரவிக் கிடக்கின்றன. அவ்வேர்களையும், அறுத்தவர்கள் விட்டுப்போன மரத்தூளையும் மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கும் பூஞ்சாணங்களுக்கும் கரிச்சத்து மரத்திலேயே ஏராளமாகக் கிடைக்கிறதென்றாலும், தழைச்சத்து அதில் சொற்பமாகையால், அதைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே அவை கவர்ந்துகொள்ளுகின்றன. ஆகாரமற்ற கன்றின் அடியிலைகள் முதலில் மஞ்சளிக்கின்றன. பிறகு துளிர் சிறுக்கிறது. தண்ணீர் போதவில்லையென்று எண்ணி மேன்மேலும் ஊற்றுவது வீண் சிரமம்.

தென்னை நின்ற இடமானால் இன்னும் ஜாக்கிரதை அவசியம். தஞ்சாவூர் வாடல் நோயை விளைவிக்கும் பூஞ்சாணம் பட்டுப்போன கட்டையிலும் வேரிலும் தங்கியிருக்கும். அழுகும் தண்டிலோ, கபில நிறத் தலையும் வளைந்த வெள்ளுடலுமாகக் காண்டாமிருக வண்டின் புழுக்கள் கொழுக்கும். அக்கட்டையைத் தோண்டியெடுத்து எரித்துவிடுவதே உசிதம்.

மற்ற மரமாயின், தூளை வாரி அகற்றி, கூடுமானால் கட்டையையும் பெயர்த்துவிட்டு, ஒரு பருவமேனும் தக்கைப்பூண்டோ சணப்பையோ விதைத்து, பூக்கத் தொடங்கியதும் மடக்கி மண்ணோடு புதைத்துவிட வேண்டும். அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் ஆகாயத்துத் தழைச்சத்தையே கிரகித்துத் தருவதால், கொள்ளை போனதில் ஒரு பகுதியாவது ஈடாகிறது. பசுந்தழைக்கு நிகரான வைத்தியம் இந்த மண்ணுக்கு வேறில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். அதன் பின்னர், பழைய கட்டைக்குச் சில அடி விலகி, மூன்றடிக் குழி எடுத்து, மேல்மண்ணோடு மக்கிய சாணி எருவும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்பலாம்.

நிழலிலே செழித்திருந்த பெரணியும் குரோட்டன்ஸும் திடீர் வெயிலில் கருகுமாதலால் அவற்றை இடம் மாற்றுவது நலம்; வெயிலுக்கு ஏங்கிய மல்லிகையும் செம்பருத்தியும் அங்கே குதூகலமாகப் பூக்கும். வேர்கள் மக்க மக்க மண் உள்வாங்குவதும் இயல்பே. ஆகையால் கன்றைச் சற்று மேடாக்கி நட்டு, ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பின்பும் பள்ளம் கண்ட இடத்தில் செம்மண் இட்டு வரவேண்டும்.