தண்டவாளத்தில் முடியாத காதல் கதைகள்

ஆவடிக்கு வடக்கே உள்ள வெள்ளானூரில் கல்லூரி மாணவர்கள் சிலருடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அமர்ந்திருந்தோம். சிறுகதை எழுத விரும்புகிறவர்கள் அவர்கள். சட்டம் தொடர்பான ஐயங்களைத் தீர்ப்பதற்காக வழக்கறிஞர்களாகிய எங்களை அழைத்திருந்தனர். பதினாறு, பதினேழு வயதுக் காதலை மையமாகக் கொண்டு ஆளுக்கொரு கதைக்கருவை அரைப்பக்கத்தில் எழுதித் தருமாறு கேட்டோம். வந்த தாள்களில் பெரும்பாலானவற்றின் கடைசி வரியில் நாயகன் தண்டவாளத்தில் கிடந்தான்.

மாணவர்களைக் குறை கூறுவதற்கில்லை. 2013 ஜூலை 4 அன்று தருமபுரியில் இளவரசனின் உடல் தண்டவாளத்தின் அருகேதான் கிடந்தது. 2015 ஜூனில் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜின் உடல் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கண்டெடுக்கப்பட்டது. உடன் படித்த பெண்ணுடன் கோயிலில் பேசிக்கொண்டிருந்ததே அவர் மீது சுமத்தப்பட்ட குற்றம். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் கவின். இச்செய்திகளைப் படித்து வளர்ந்த தலைமுறை வேறெதை எழுதும்? "நம்ம பையன் காதலித்தால் வேறு என்னதான் நடக்கும், தோழர்?" என்று ஒரு மாணவி கேட்டார்.

அக்கேள்வியை நாம் எளிதில் கடந்துவிட இயலாது. கொலைகளைப் பதிவு செய்வது நம் கடமை. அதை எவரும் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் கொலை மட்டுமே கதையாகும்போது, காதலிக்கும் தலித் இளைஞனை வாசகர் முதல் பக்கத்திலேயே பிணமாகப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். அவனுக்குப் பிடித்த பாட்டு எது, அவன் எதற்கு வெட்கப்படுவான் என்பதெல்லாம் தேவையற்ற தகவல்களாகிவிடுகின்றன. சாதியவாதிகள் அனுப்ப விரும்பும் எச்சரிக்கையும் ஏறத்தாழ இதுவே.

இதே சிக்கலை அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர்கள் எதிர்கொண்ட விதம் கவனத்துக்குரியது. ஆஞ்சி தாமஸ் 2017இல் எழுதிய 'தி ஹேட் யு கிவ்' நாவலில், பதினாறு வயதுக் கறுப்பினப் பெண்ணின் கண்ணெதிரே அவளுடைய நண்பன் காவலரால் சுட்டுக் கொல்லப்படுகிறான். அந்நாவல் பெரும் வரவேற்பைப் பெற்றது. அதே ஆஞ்சி தாமஸ், 2021இல் வேறு ஐந்து கறுப்பினப் பெண் எழுத்தாளர்களுடன் இணைந்து 'பிளாக்அவுட்' என்ற நூலை எழுதினார். கோடை வெப்பத்தில் நியூயார்க் நகரில் மின்சாரம் தடைபடுகிறது. அந்த இருட்டில் கறுப்பின இளையோர் ஒருவரையொருவர் கண்டடைகிறார்கள். நூலின் கரு இவ்வளவே. அவர்கள் காதலிக்க வெள்ளையர் எவருடைய ஒப்புதலும் வேண்டியிருக்கவில்லை. வெள்ளையரின் வெறுப்பு கதையை நடத்திச் செல்லவும் இல்லை. கொலையை எழுதிய அதே கை காதலையும் எழுதியது என்பதையே நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

நிகோலா யூனின் 'தி சன் இஸ் ஆல்சோ எ ஸ்டார்' (2016) நாவல் வழக்கறிஞர்களாகிய எங்களைத் தனிப்பட்ட முறையில் ஈர்த்தது. ஜமைக்காவிலிருந்து வந்த கறுப்பினப் பெண்ணின் குடும்பம் அன்றிரவே நாடு கடத்தப்பட உள்ளது. அந்த ஒரே நாளில் அவள் கொரிய அமெரிக்க இளைஞன் ஒருவனைச் சந்திக்கிறாள். இங்கே சட்டம் கதைக்குள் கடிகாரம் போல இயங்குகிறது. எவரும் கத்தியை உருவாமலே வாசகருக்குப் பதற்றம் ஏற்படுகிறது.

நமக்கும் முன்னோடி இல்லாமலில்லை. வெள்ளானூருக்குத் தொலைவில் இல்லாத, ஆவடியை அடுத்த கரலப்பாக்கத்தில் பிறந்தவர் பா. இரஞ்சித். அவருடைய முதல் படமான 'அட்டகத்தி' (2012) இந்தப் புறநகர் வாழ்வையே காட்டியது. அதன் நாயகன் பேருந்தில் காதலிக்கிறான், தோற்கிறான், சோகமாக இருக்க முயன்று அதிலும் தோற்கிறான், சாகவில்லை. பின்னர் வந்த 'நட்சத்திரம் நகர்கிறது' (2022) தலித் பெண்ணான ரெனேயை நடுவில் நிறுத்தி ஆணவக் கொலையைப் பற்றி நேரடியாகப் பேசியது. இரண்டாவது படத்தையே 'அரசியல் படம்' என்று மாணவர்கள் கருதினர். நாம் உடன்படவில்லை. சேரிப் பையன் ஒருவன் அசட்டுத்தனமாகக் காதலித்துவிட்டு உயிரோடு வீடு திரும்பலாம் என்று திரையில் காட்டியதும் அரசியலே.

தண்டவாளத்தை விட்ட கதைகள் அடுத்து ஓடிய இடம் பதிவாளர் அலுவலகம். இங்கே ஒரு விளக்கம் தேவை. இந்துத் திருமணச் சட்டத்தில் 1967ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தத்தால் சேர்ந்த 7ஏ பிரிவு, உறவினரோ நண்பரோ முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலே திருமணம் செல்லும் என்கிறது. வழக்கறிஞர் அலுவலகத்தில் நடக்கும் இத்தகைய திருமணங்கள் செல்லாது என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருந்தது; 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அக்கருத்தை ஏற்க மறுத்து, நண்பர் என்ற முறையில் வழக்கறிஞரும் முன்னிலை வகிக்கலாம் என்றது. ஆயினும் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்ற வயது வரம்பு மாறவில்லை. ஆகவே பதினேழு வயது நாயகனுக்கு அந்த அலுவலகத்தில் வேலையே இல்லை. பதின்வயதுக் காதல் திருமணத்தில் முடிந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

அவ்வயதினருக்கு உண்மையில் குறுக்கே நிற்பது போக்சோ சட்டம். 18 நிரம்பாதவரின் இசைவு அச்சட்டத்தின் முன் இசைவாகாது. குழந்தைகளைக் காக்கவென 2012இல் இயற்றப்பட்ட இச்சட்டம், பெண் வீட்டார் பையனைச் சிறைக்கு அனுப்பும் கருவியாகவும் பயன்படுவதை நாங்கள் நீதிமன்றங்களில் காண்கிறோம். பையன் தலித்தாக இருந்தால் புகார் எழுதும் கை இன்னும் விரைகிறது. இளையோரின் காதல் உறவுகளைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கமன்று என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ஒரு வழக்கை ரத்து செய்தபோது கூறியது.

இதிலிருந்து ஒரு கதைக்கருவை மாணவர்கள் முன் வைத்தோம். ஆவடி மின்சார இரயிலில் பழகிய இருவர். அவள் அவனைவிட இரண்டு மாதம் இளையவள். அவனுடைய பதினெட்டாவது பிறந்தநாள் காலையில் அவன் சட்டத்தின் கண்ணில் வயது வந்தவனாகிறான்; அவள் இன்னும் குழந்தை. நேற்று வரை சிறார் நீதிக் குழுமத்துக்குப் போயிருக்கக்கூடிய புகார், இன்று முதல் சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகும். அந்த இரண்டு மாதங்களை அவர்கள் எப்படிக் கடத்துகிறார்கள்? வேறு பெட்டியில் ஏறுகிறார்களா? யார் முதலில் பொறுமை இழக்கிறார்?

இன்னொன்று, தலித் பெண்ணைப் பற்றியது. நம் கதைகளில் தலித் பையனும் ஆதிக்கசாதிப் பெண்ணுமே திரும்பத் திரும்ப வருகின்றனர். அவள் வீட்டில் உரிமையோடு சாப்பிட்டுவிட்டு, தன் வீட்டுத் தெருமுனையிலேயே அவளை நிறுத்திவிடும் காதலனை எவரும் எழுதவில்லை. ஏமாற்றிய பிறகு வழக்காக வருகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆம் பிரிவு அதற்கென உள்ளது. வழக்காகும் முன்பே அவள் அவனை விட்டு விலகும் கதையை வாசிக்க விரும்புகிறோம்.

கேள்வி கேட்ட மாணவி மட்டும் தம் தாளைத் திரும்பப் பெற்று, வேறொன்றை எழுதினார். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். காலனியில் மின்சாரம் போய் இரண்டாம் நாள். தேவாலயத்தில் ஜெனரேட்டர் ஓடுகிறது. செல்பேசிக்கு உயிரேற்ற எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். அவளும் அவனும் ஒரே காலனி, ஒரே சாதி. அவன் குடும்பம் கிறித்தவத்துக்கு மாறியது. ஆகையால் அவன் சான்றிதழில் பிற்படுத்தப்பட்ட வகுப்பு, அவள் சான்றிதழில் பட்டியல் சாதி. இருவரும் ஒரே கல்லூரிக்கு விண்ணப்பிக்க இருக்கிறார்கள். அவனுக்கு இடம் கிடைக்காமல் போகலாம் என்பது இருவருக்குமே தெரியும். வரிசையில் அவனுக்கு முன்னால் நிற்கும் அவளுடைய செல்பேசியில் இரண்டு சதவீதமே மிச்சம். இருப்பது ஒரே ஒரு பிளக்.