ஓர் ஊரும் உடன்பிறந்தாரும்

பெல்ஜியம் நாட்டில் மாஸ் ஆற்றின் கரையில் மாசைக் என்னும் சிற்றூர் ஒன்று உள்ளது. ஐரோப்பிய ஓவியக் கலையின் வரலாற்றில் அதற்கு நீங்காத இடம் உண்டு. ஹூபர்ட் வான் ஐக், ஜான் வான் ஐக் என்னும் ஓவிய உடன்பிறந்தார் இருவரும் அவ்வூரில் பிறந்தவர் என்பது தொன்றுதொட்டு வரும் செய்தி. எண்ணெய் வண்ணத்தை மெல்லிய அடுக்குகளாகப் பூசி, மணிகளின் ஒளியையும் ஆடையின் மடிப்பையும் உள்ளவாறே தோன்றச் செய்தவர் ஜான். அவர் புகழ் உலகெங்கும் பரவியது. ஆனால், கெண்ட் நகரப் பேராலயத்தின் புகழ்பெற்ற பலிபீட ஓவியத்தைத் தொடங்கியவர் தமையனாராகிய ஹூபர்ட். அவர் 1426-ல் மறைந்தார். தம்பி அதனை 1432-ல் முடித்தார். அவ்வோவியத்தின் சட்டத்தில் உள்ள எழுத்துகள், தமையனாரை ஒப்பற்ற ஓவியர் என்றும், தம்பியைக் கலையில் அவருக்கு அடுத்தவர் என்றும் குறிக்கின்றன. எனினும், ஹூபர்ட் தனித்துத் தீட்டியது என ஐயமின்றிச் சொல்லத்தக்க ஓவியம் ஒன்றேனும் இன்று நமக்குக் கிடைத்திலது.

மாணவர்களே! இவ்வாறு கலையில் சிறந்த தமையனாரும் தம்பியரும் நம் தமிழகத்துச் சிற்றூர் ஒன்றிலும் தோன்றினர். அவர்தம் கலை ஓவியமன்று, இசை. அவ்வூர் பண்ணைப்புரம்.

இன்றைய தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் பண்ணைப்புரம் அமைந்துள்ளது. அம்மலைக்கும் மேகமலைக்கும் இடைப்பட்ட நிலமே கம்பம் பள்ளத்தாக்கு. 1895-ல் பெரியாற்று அணை கட்டி முடிக்கப்பெற்று, மலையைக் குடைந்த வழியே நீர் கிழக்கு நோக்கித் திருப்பப்பட்டது. அந்நீரால் பள்ளத்தாக்கின் வயல்கள் செழித்தன. கீழே நெல்வயல், மேலே ஏலக்காடும் தேயிலைத் தோட்டமும். கூலி வேலைக்கு மக்கள் மலையேறுவதும் இறங்குவதும் அந்நிலத்து வாழ்க்கை. நாற்று நடும்போதும், களை பறிக்கும்போதும், பிள்ளையை உறங்க வைக்கும்போதும், இறந்தாரை நினைந்து அழும்போதும் அவர்களிடம் பாட்டு இருந்தது. அதனை இசை என்று அவர்கள் பெயரிட்டு அழைத்ததில்லை. வேலையோடு வேலையாகப் பாடினர். பெருநகரங்களே கலைஞரைத் தரும் என்று எண்ணுவோர் இவ்வூர்களின் வயல்வரப்பில் ஒரு நாள் நின்று பார்க்கலாம்.

பண்ணைப்புரத்தில் இராமசாமி என்பவரின் குடும்பத்தில் வரதராசன் மூத்தவர். பாட்டு இயற்றவும் பாடவும் வல்லராதலின், அவரை மக்கள் ‘பாவலர்’ என்றே அழைத்தனர். அவர் பொதுவுடைமை இயக்கத்தின் மேடைகளில் பாடியவர். மக்கள் முன்பே அறிந்த மெட்டை எடுத்துக்கொண்டு, அதில் புதிய சொற்களை அமைப்பது அவர் முறை. இம்முறையின் ஆற்றலை எளிதாக எண்ணிவிடலாகாது. எழுத்தறியாத உழைப்பாளியும் ஒரு முறை கேட்ட பாட்டைத் தன் குடிசைவரை கொண்டுசெல்வான். மெட்டு ஏற்கெனவே அவனுடையது அன்றோ! 1958-ல் கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. அங்கே தோட்டத் தொழிலாளருள் பலர் தமிழர். அவர்களிடையே பாவலர் பாடிப் பரப்புரை செய்தார். அவர் ஆதரித்த ரோசம்மா புன்னூஸ் வெற்றி பெற்றார்.

1943-ல் பிறந்த இளவல் இராசையா தம் பதினான்காம் வயதில் தமையனாரின் இசைக் குழுவில் சேர்ந்தார். பாஸ்கர், அமரன் ஆகிய உடன்பிறந்தாரும் உடன் சென்றனர். ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஊர் ஊராகச் சுற்றினர். ஆர்மோனியமும் அவையறிவும் அவர்களுக்கு அங்கேதான் வாய்த்தன. அப்பயணமே அவர்களுக்குப் பள்ளி எனலாம். பின்னர்ச் சென்னைக்குச் செல்ல விரும்பியபோது, தாய் சின்னத்தாய் வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை 400 ரூபாய்க்கு விற்று வழியனுப்பினார்.

சென்னையில் தன்ராஜ் என்னும் ஆசிரியரிடம் இராசையா மேலை இசையைக் கற்றார், இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராகவும் இருந்தார். 1976-ல் வெளிவந்த ‘அன்னக்கிளி’ என்னும் திரைப்படம் அவரை இளையராஜா என்னும் பெயரில் நாட்டுக்கு அறிமுகப்படுத்தியது. அவர் செய்த புதுமை யாது? நம் இசை ஒற்றை இழையாகச் செல்வது. மேலை இசையோ பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்வது. அவர் பள்ளத்தாக்கின் நாட்டுப்புற மெட்டை முன்னே நடக்கவிட்டு, அதன் பின்னும் பக்கத்தும் வயலின்களையும் கிதாரையும் குழலையும் தனித்தனி வழியில் செலுத்தினார். அவை ஒன்றையொன்று மறிப்பதில்லை. ஒவ்வொரு கருவியும் இசைக்க வேண்டியதைத் தாமே தாளில் எழுதிக் கொடுப்பது அவர் வழக்கம். திருவாசகத்திற்கு அவர் அமைத்த இசை, புடாபெஸ்ட் நகரத்து இசைக் குழுவினருடன் 2005-ல் வெளிவந்தது. 2025 மார்ச்சு 8-ல் அவருடைய சிம்பொனி இலண்டன் மாநகரில் அரங்கேறியது. அமரன், கங்கை அமரன் என்னும் பெயரில் பாடலாசிரியராகவும் இயக்குநராகவும் விளங்கினார். 1989-ல் வந்த ‘கரகாட்டக்காரன்’ அவர் இயக்கியதே.

பாவலர் இவற்றுள் எதனையும் கண்டிலர். ‘அன்னக்கிளி’ வருவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1973-ல் அவர் மறைந்தார். மேடையில் பாடுவோனின் குரல் அன்றைய காற்றோடு போவது. தம்பியின் இசையோ இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பதிந்து நிற்பது. ஹூபர்ட்டின் நிலை இவருக்கும் நேர்ந்தது என்று ஒருவர் சொல்லக்கூடும். ஆயினும், ஒரு வேற்றுமை உண்டு. ஹூபர்ட்டிடமிருந்து ஜான் பெற்றது எது என்பதை இன்றும் அறிஞர் ஆராய்ந்துகொண்டிருக்கின்றனர். பாவலரிடமிருந்து தம்பியர் பெற்றதை அவர்களே பலகாலும் சொல்லியிருக்கின்றனர்.

மாசைக் நகரின் சந்தைவெளியில் வான் ஐக் உடன்பிறந்தார் இருவருக்கும் சேர்த்தே சிலை வைத்துள்ளனர். பண்ணைப்புரத்தார் வேறொரு வகையில் தமையனாரை நினைவுகூர்ந்தனர். 1981-ல் ‘அலைகள் ஓய்வதில்லை’ என்னும் படம் வெளிவந்தது. அதனைத் தயாரித்தவர் பாஸ்கர், இசை இளையராஜா, இயக்கியவர் அதே தேனிப் பகுதியின் அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா. படத்தைத் தயாரித்த நிறுவனத்தின் பெயர் ‘பாவலர் கிரியேஷன்ஸ்’.