அண்ணனின் தண்டனை, தங்கையின் அறை

"அண்ணா நன்னடத்தைக் கண்காணிப்பில் இருக்கிறார். என்ர அலுமாரியையும் பொலிஸ் திறக்கலாமோ அக்கா?" கலிபோர்னியாவில் வாழும் உறவுப்பெண் ஒருத்தி தொலைபேசியில் கேட்டாள். குரல் நடுங்கியது.

அங்கே கண்காணிப்பில் விடப்படுபவர், நீதவானின் ஆணையின்றிச் சோதனையிட உடன்படுவது வழமையான நிபந்தனை. ஆனால் அந்த உடன்பாடு அவருடையது மட்டுமே. அவர் தனியாகவோ கூட்டாகவோ பயன்படுத்துவதாக நியாயமாக நம்பக்கூடிய இடங்களையே பொலிஸார் சோதிக்கலாமென அம்மாநில உயர் நீதிமன்றம் 1999இல் கூறியது. சமையலறையைச் சோதிக்கலாம், தங்கை மட்டும் பாவிக்கும் அறை அப்படியல்ல. நிபந்தனையை அறியாமல் நுழைந்துவிட்டு, உடன்வாழ்பவருக்கு எதிராகப் பின்னர் அதைக் காரணங்காட்ட முடியாதென 2000இல் தீர்ப்பானது.

"தடுக்காதே. 'இது என் அறை, எனக்குச் சம்மதமில்லை' என்று அமைதியாகச் சொல். அண்ணாவின் பொருட்களை அங்கே வைக்காதே" என்றேன்.

சகோதரிகளே, ஒருவரின் தண்டனையை வீடே சுமக்க வேண்டியதில்லை.