குடவோலை விதியும் முதல் நிரலும்

புதிதாகக் கற்பவருக்கு ஒரு நிரல்மொழி எளிதா, கடினமா என்பதை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கின்றன. முதல் வரியை எழுதும் முன் புரியாமலே ஏற்றுக்கொள்ள வேண்டியவை எத்தனை? தவறு நேர்ந்தால் மொழி அதைக் காட்டிக் கொடுக்கிறதா, மறைத்துவிடுகிறதா? நிரலாக்கத்தில் உண்மையான கடினம் சிந்தனையில்தான் இருக்கிறது. ஒரு வேலையைப் படிகளாகப் பிரிக்க வேண்டும், நிபந்தனைகளை ஒன்றும் விடுபடாமல் அடுக்க வேண்டும். இந்தக் கடினத்தை எந்த மொழியாலும் நீக்க முடியாது. அதன் மேல் வேறு சுமையை ஏற்றாத மொழியே தொடக்கத்துக்கு ஏற்றது.

நிபந்தனைகளை அடுக்கும் வேலைக்குக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு பழைய சான்று உண்டு. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள் இரண்டு, ஊர்ச் சபையின் வாரிய உறுப்பினரைக் குடவோலை வழியாகத் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்கின்றன. கி.பி. 919ஆம் ஆண்டுக் கல்வெட்டு வயது வரம்பை 30 முதல் 60 என்று வைத்தது. 921இல் அது 35 முதல் 70 என்று திருத்தப்பட்டது. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும். கடந்த 3 ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு இடமில்லை. கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். வேதம் கற்ற அந்தணரின் சபைக்கான விதிகள் இவை, ஊரார் எல்லோருக்குமானவை அல்ல. ஆனாலும் உள்ளீடு, நிபந்தனை, விலக்கு, முடிவு என ஒரு நிரலுக்கு வேண்டிய உறுப்புகள் அனைத்தும் இவற்றில் இருக்கின்றன. வரம்பு எண்களை மாற்றிய 921ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் நிரலில் செய்து பார்க்கலாம்.

இவற்றில் வயது, நிலம் ஆகிய இரண்டை மட்டும் ஒரு பிளஸ் 1 மாணவி சி++ மொழியில் எழுதுவதாகக் கொள்வோம். கணக்குப் பாடத்தில் எழுதிப் பழகியபடியே 35 < வயது < 70 என்று எழுதுகிறாள். நிரல் தடையின்றி ஓடுகிறது, ஆனால் 20 வயதுக்காரருக்கும் தகுதி உண்டு என்கிறது. காரணம், சி++ முதலில் 35 < வயது என்பதைச் சரிபார்த்து, உண்மையானால் 1, பொய்யானால் 0 என்று வைத்துக்கொள்கிறது. பிறகு அந்த 1 அல்லது 0 என்பதை 70உடன் ஒப்பிடுகிறது. இரண்டுமே 70ஐ விடச் சிறியவை, எனவே விடை எப்போதும் உண்மைதான். அடுத்து நிலம் > 1/4 என்கிறாள். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் சி++ பின்னப் பகுதியை வெட்டிவிடும் என்பதால் கால் வேலி பூஜ்யமாகிவிடுகிறது. ஒரு குழி நிலம் உள்ளவரும் தேறிவிடுகிறார். இந்த இரண்டு இடங்களிலும் மாணவியின் சிந்தனையில் பிழையில்லை. மொழியின் வழக்கம் அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சில நிரல்பெயர்ப்பிகள் எச்சரிக்கை காட்டினாலும் நிரலை நிறுத்துவதில்லை.

பைத்தானில் இந்த இரண்டு வரிகளும் எழுதியபடியே சரியான விடையைத் தரும். இது தற்செயலாக அமைந்ததல்ல. பைத்தானை 1991இல் வெளியிட்ட கைடோ வான் ராசம், அதற்கு முன் ஆம்ஸ்டர்டாம் கணித ஆய்வு மையத்தில், நிரலாளர் அல்லாதவருக்காக உருவான ஏபிசி மொழியின் பணியில் இருந்தவர். பைத்தானின் பழைய பதிப்புகளிலும் 1/4 பூஜ்யமாகத்தான் இருந்தது. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3 அதைத் திருத்தியது. திரையில் "வணக்கம்" என்று காட்ட அதில் ஒரே வரி போதும். சி++ மொழியிலோ தலைப்புக் கோப்பு, பெயர்வெளி, மெயின் செயற்கூறு, நெளிவு அடைப்பு, அரைப்புள்ளி என ஐந்தாறு சங்கதிகளை, "பின்னால் புரியும்" என்ற ஆசிரியரின் உறுதிமொழியை நம்பி எழுதியாக வேண்டும்.

பைத்தானிலும் குறைகள் உண்டு. மாறியின் பெயரை மதிப்பிருத்தும்போது எழுத்துப் பிழையோடு எழுதினால், அது புதிய மாறி ஒன்றை ஓசையின்றி உருவாக்கிவிடும். உள்தள்ளலில் டேப்பும் இடைவெளியும் கலந்தால் நிரல் நின்றுவிடும், காரணமும் கண்ணுக்குத் தெரியாது.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் 2018-19 முதல் பிளஸ் 1 வகுப்பில் சி++ மொழியையும், 2019-20 முதல் பிளஸ் 2 வகுப்பில் பைத்தானையும் வைத்திருக்கிறது. இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். தரவினம், நினைவகம், நிரல்பெயர்ப்பு ஆகியவற்றைக் கற்பிக்க சி++ மிக நல்ல மொழி. ஆனால் மடக்கும் நிபந்தனையும் கைவந்த பிறகே அந்தப் பாடம் மனத்தில் தங்கும்.

அமெரிக்க ஆய்வாளர்கள் ஆண்ட்ரியாஸ் ஸ்டெஃபிக்கும் சுசன்னா சீபர்ட்டும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். குறிச்சொற்களைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கியதுபோல் அமைத்த ஒரு பொய்மொழியையும் உண்மையான மொழிகளையும் புதியவர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். பெர்ல், ஜாவா ஆகியவற்றில் எழுதியவர்கள் அந்தப் பொய்மொழியில் எழுதியவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு சரியாக எழுதவில்லை. பைத்தான், ரூபி, குவோரம் ஆகியவற்றில் எழுதியவர்கள் மேலாகச் செய்தார்கள். ஒரு மொழி பரவலாக இருப்பதால் அது கற்க எளிது என்று ஆகிவிடாது.

தமிழ்வழியில் படிக்கும் கிராமத்து மாணவருக்கு இன்னொரு தடையும் உண்டு. பைத்தானின் குறிச்சொற்கள் 35 மட்டுமே, அவற்றை ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். பிழைச் செய்தி அப்படியல்ல. உதவி மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது முழு ஆங்கில வாக்கியமாக வந்து நிற்கிறது. சயமிந்து தாஸ்குப்தாவும் பெஞ்சமின் மாகோ ஹில்லும் 2017இல் ஸ்கிராட்ச் நிரல்மொழியைப் பயன்படுத்துவோரை ஆராய்ந்தனர். கட்டளைகளைத் தாய்மொழியில் வைத்துக்கொண்டவர்கள், ஆங்கிலத்தில் வைத்துக்கொண்ட தம் நாட்டாரைவிட விரைவாகப் புதிய நிரலாக்கக் கருத்துகளைக் கையாண்டது தெரியவந்தது.

கட்டளைகளைத் தமிழிலேயே அமைக்கும் முயற்சியைச் செய்தவர்களில் ஒருவர் முத்து அண்ணாமலை. 2007 முதல் அவர் உருவாக்கிய எழில் மொழி 2009இல் அறிவிக்கப்பட்டது. பைத்தானின் மேல் இயங்கும் திறந்தமூல மொழி அது. வயது வரம்பின் ஒரு பாதி எழிலில் இப்படி அமையும்:

@(வயது > 35) ஆனால்
    பதிப்பி "தகுதி உண்டு"
இல்லை
    பதிப்பி "தகுதி இல்லை"
முடி

நிபந்தனை முன்னும் குறிச்சொல் பின்னுமாக, தமிழ் வாக்கியத்தின் ஒழுங்கிலேயே இது நிற்பதைக் கவனிக்கலாம். ஆங்கிலச் சொற்களை நீக்கித் தமிழ்ச் சொற்களை ஒட்டிய வேலை இல்லை இது. பைத்தானுக்கு இருக்கும் அளவுக்கு நூலகங்களோ பாடங்களோ எழிலுக்கு இல்லை. ஆகவே ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை எழிலோ ஸ்கிராட்ச்சோ, பிறகு பைத்தான், அதன்பின் சி++ என்ற ஏறுவரிசையே பள்ளிகளுக்குப் பொருத்தமானது. பைத்தான் 3 மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் தமிழ்ப் பெயர்களை அனுமதிக்கிறது. குறிச்சொல்லுக்கு ஆங்கில விசைப்பலகையும் பெயருக்குத் தமிழ்99 விசைப்பலகையுமாக வரிக்கு வரி மாற வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்தைப் பொறுத்துக்கொண்டால், பத்தாம் வகுப்பு மாணவரும் வயது, நிலம், மனை, கல்வி என்ற மாறிகளை வைத்து 921ஆம் ஆண்டு விதிகளைப் பைத்தானில் எழுதிவிடலாம்.