பழந்தானுந்துகளை வீட்டில் சீரமைத்தல்

பழந்தானுந்துச் சீரமைப்பு என்பது பல பத்தாண்டுகளுக்கு முன் உற்பத்தி செய்யப்பட்ட தானுந்து ஒன்றைக் கழற்றிப் பழுதுபார்த்து, இயன்ற அளவு அதன் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் பணியாகும். வேலைகளின் வரிசையைச் சரியாக அமைத்துக்கொண்டால் இதன் பெரும்பகுதியை வீட்டுக் கொட்டகையிலேயே குறைந்த செலவில் செய்யலாம். ஸ்டாண்டர்டு ஹெரால்டு தானுந்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, விழுப்புரம், திண்டிவனம் பகுதிச் சூழலில் இப்பணி இங்கு விளக்கப்படுகிறது.

பின்னணி

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் சென்னையை அடுத்த வண்டலூரில் தானுந்துகளை உற்பத்தி செய்தது. வண்டலூர் வழியாகச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையே திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் சென்னையுடன் இணைக்கிறது. ஹெரால்டு, இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலாட்டி வடிவமைத்த பிரித்தானியத் தானுந்தின் இந்திய வடிவமாகும். இது 1961 இல் 948 கன செ.மீ. எஞ்சினுடன் அறிமுகமானது. நான்கு கதவுகள் கொண்ட மூன்றாம் வகை 1968 இல் வெளிவந்தது. இதன் வழிவந்த கெசல் 1972 இல் விற்பனைக்கு வந்தது.

அமைப்பு

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி ஆகியவற்றில் கூடும் அடிச்சட்டமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டவை. ஹெரால்டில் அடிச்சட்டம் தனியானது. கூட்டின் பகுதிகள் அதன்மேல் மரையாணிகளால் பொருத்தப்பட்டுள்ளன. முன்மூடி சக்கரக் காப்புகளுடன் சேர்ந்து முன்புறமாகத் திறப்பதால் எஞ்சினை எளிதில் அணுகலாம். எனவே தனி ஒருவர் பகுதி பகுதியாகக் கழற்றிச் சீரமைக்க இது ஏற்றது. உதிரிப்பாகங்கள் அரிதாகக் கிடைப்பது இதன் குறையாகும். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் தேடலாம். பிரித்தானியாவில் புதிய பாகங்கள் கிடைப்பினும் சுங்கவரியும் அனுப்புச் செலவும் கூடுதலாகும்.

வாங்குமுன் ஆய்வு

சீரமைப்பின் செலவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது எஞ்சின் அன்று, துருவே. ஓடாத எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்யலாம். அரித்துப்போன அடிச்சட்டத்தைச் சீர்செய்யும் செலவு தானுந்தின் விலையையே மிஞ்சக்கூடும். வண்ணப்பூச்சின் பளபளப்பை நம்பாது, சிறு சுத்தியலால் அடிப்பகுதியைத் தட்டிப் பார்த்தல் வேண்டும். பட்டி பூசி மறைத்த இடங்களில் காந்தம் ஒட்டாது.

வெள்ளத்தில் நின்ற வண்டிகளையும் கவனித்தல் வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது விழுப்புரம் மாவட்டத்தின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. பல்லிணைப்பெட்டியிலோ பின் அச்சிலோ உள்ள எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது எனக் கொள்ளலாம்.

பணிகளின் வரிசை

1. கழற்றும்போதே ஒவ்வொரு நிலையையும் படம்பிடித்து, மரையாணிகளைப் பெயரிட்ட உறைகளில் இடுதல்.
2. துருவைச் சுரண்டி, பாசுபாரிக் அமிலம் கலந்த துருமாற்றியும் அடிப்பூச்சும் பூசுதல்.
3. பிரேக், திசைதிருப்பி, சக்கரத் தாங்கிகள் ஆகியவற்றைச் சீரமைத்தல்.
4. எரிபொருள், மின் இணைப்பு, எஞ்சின் பணிகள்.
5. வண்ணப்பூச்சு, இருக்கைத் துணி.

வண்ணப்பூச்சை முதலில் செய்பவர்கள் இருமுறை செலவிட நேரும். பின்னர் நடக்கும் பற்றவைப்பு அதனைக் கெடுத்துவிடும்.

ஹெரால்டின் நீரியல் பிரேக் ஒற்றைச் சுற்று அமைப்பாகும். ஒரு சக்கர உருளை கசிந்தாலும் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் செயலிழக்கக்கூடும். எனவே இதன் ரப்பர் பாகங்கள், குழாய்கள் ஆகியவற்றில் சிக்கனம் பார்த்தல் கூடாது.

இந்தியாவில் 2000 முதல் ஈயம் கலவாத பெட்ரோலே விற்கப்படுகிறது. ஈயம் கலந்த எரிபொருளுக்கென உருவான பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகள் இதனால் விரைவில் தேயக்கூடும். எஞ்சின் தலையைக் கழற்றும்போதே லேத் பட்டறையில் கடினமான இருக்கை வளையங்களைப் பொருத்துவது நன்று. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிப்பதால் அவற்றையும் மாற்றுதல் வேண்டும்.

வீட்டில் செய்யத் தகாதவை

பற்றவைப்பு, எஞ்சின் துளை கடைதல் ஆகியவற்றைப் பட்டறைக்கு அளிப்பதே தக்கது. பெட்ரோல் தொட்டி காலியாகத் தோன்றினும் அதனுள் தங்கிய ஆவி வெடிக்கக்கூடும். அதனை வீட்டில் பற்றவைத்தல் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் செல்லாது, உறுதியான தாங்கிகளைப் பயன்படுத்துதல் வேண்டும். பழைய பிரேக் பட்டைகளில் கல்நார் இருக்கக்கூடுமாதலால் தூசியை ஊதாது ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும்.

ஆவணங்கள்

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன்படி சொந்தப் பயன்பாட்டு வாகனப் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் தகுதியாய்வுக்குப்பின் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். 2022 இலும் 2025 இலும் புதுப்பிப்புக் கட்டணம் உயர்த்தப்பட்டதால் இதனையும் செலவுத் திட்டத்தில் சேர்த்தல் வேண்டும். விழுப்புரம் அலுவலகத்தின் பதிவுக்குறி டி.என். 32, திண்டிவனத்தினுடையது டி.என். 16 ஆகும்.

நடுவண் அரசு 2021 இல் பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, அடிச்சட்டம், கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்யப்படாத வாகனங்கள் இதற்குத் தகுதியுடையவை. புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். எனினும் இவ்வகையில் பதிவான வாகனங்களைக் கண்காட்சி, அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டை நாடுவோர் வழக்கமான பதிவையே புதுப்பித்துக்கொள்ளுதல் வேண்டும்.

அடிச்சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவுச் சான்றுடன் ஒத்திருக்கின்றனவா என்பதை வாங்குமுன்பே சரிபார்த்தல் இன்றியமையாதது. துருவைத் தேய்க்கும்போது இவ்வெண்கள் அழிந்துவிடாமல் காத்தல் வேண்டும். எண்ணும் சான்றும் பொருந்தாவிடின், எவ்வளவு செம்மையாகச் சீரமைத்த தானுந்தும் கொட்டகையை விட்டு வெளியேற இயலாது.