வாயில்லா ஜீவன்களும் வீட்டுக் கணக்கும்

தமிழில் 'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள் உண்டு. கல்வியின் சிறப்பைக் கூறுமிடத்து வள்ளுவரே அச்சொல்லை அப்பொருளில் ஆண்டிருக்கிறார். மரக்காணம் கடற்கரையில் வாழும் நம் குடும்பங்களுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. உப்பளத்தில் கூலி வேலை செய்யும் தாய்மார் பலருக்கு, வாசலில் கட்டியிருக்கும் ஆடே நம்பிக்கையான சேமிப்பு. பிள்ளையின் பள்ளிச் செலவாயினும் மகளின் வளைகாப்பாயினும் முதலில் கைகொடுப்பது அதுவே.

ஆனால், செல்வம் என்று நாம் போற்றும் இந்த வாயில்லா ஜீவன்களுக்காக வீட்டுக் கணக்கில் ஒரு வரியேனும் எழுதி வைக்கிறோமா? வரவுப் பக்கத்தில் ஆட்டை எழுதுகிறோம். செலவுப் பக்கத்தில் எழுத மறந்துவிடுகிறோம். அந்த மறதிக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது.

இரு குறைகள் கூடும் காலம்

உப்பு விளைவது வெயில் காலத்தில். தை, மாசியில் தொடங்கும் வேலை புரட்டாசி வரை நடக்கிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்குகின்றன, கூலியும் நின்றுவிடுகிறது. ஆடுமாடுகளுக்கு நோய் மிகுவதும் அதே மாதங்களில்தான். ஈரத் தரையில் நின்று குளம்பு புண்ணாகும், குடற்புழு பெருகும், புதுமழையில் தளிர்த்த இளம்புல்லை மிதமிஞ்சி மேய்ந்த ஆடு துள்ளுமாரி நோயால் ஓர் இரவுக்குள் மாண்டுபோவதும் உண்டு.

கையில் காசில்லாத நாளில் ஆடு நோயுற்றால் நடப்பது என்ன? வட்டிக்குக் கடன் வாங்குகிறோம். இல்லையேல் வந்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிடுகிறோம். ஆண்டு முழுவதும் வளர்த்த சேமிப்பு இவ்வாறு ஒரு வாரத்தில் கரைந்துவிடுகிறது. ஆகவே மழைக்காலச் செலவை உப்புக் காலத்திலேயே ஒதுக்கி வைத்தல் வேண்டும். இக்கட்டுரையின் சாரம் இதுவே.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒரு வீட்டில் நான்கு ஆடுகள், ஒரு பசு, ஒரு காவல் நாய் இருப்பதாகக் கொள்வோம். ஆடொன்றுக்கு வாரம் 5 ரூபாய், பசுவுக்கு 20 ரூபாய், நாய்க்கு 10 ரூபாய் என ஒதுக்கினால் வாரத்திற்கு 50 ரூபாய் ஆகும். கூலி கிடைக்கும் 35 வாரங்களில் 1,750 ரூபாய் சேரும். அரசுக் கால்நடை மருந்தகத்தில் சிகிச்சை இலவசமாயினும், வெளியில் வாங்கும் மருந்துக்கும் வண்டி வாடகைக்கும் இத்தொகை உதவும்.

காப்பீடு என்னும் வேலி

செல்வம் அடியோடு அழிந்தால் இச்சிறு தொகை போதாது. 2020 நவம்பர் 25 நள்ளிரவில் நிவர் புயல் மரக்காணத்தை ஒட்டிக் கரை கடந்ததையும், 2024 நவம்பர் 30 அன்று வந்த பெஞ்சல் புயலையும் நாம் மறக்கவில்லை. பெஞ்சல் நிவாரணமாக இறந்த மாட்டுக்கு 37,500 ரூபாயும் ஆட்டுக்கு 4,000 ரூபாயும் அரசு அறிவித்தது. நன்று. ஆனால் அது பேரிடருக்கு மட்டுமே. சாதாரண நாளில் பாம்பு தீண்டியோ நோயுற்றோ பசு மாண்டால் யார் தருவார்?

அதற்கென்றே இன்ஷூரன்ஸ் இருக்கிறது. மாட்டுக்கு இன்ஷூரன்ஸா என்று நகைக்க வேண்டாம். ஸ்வீடன் நாட்டில் குதிரைகளுக்கும் கால்நடைகளுக்கும் 1890 ஆம் ஆண்டிலேயே காப்பீடு வந்துவிட்டது. நம் நாட்டில் 2005-06 ஆம் ஆண்டில் 100 மாவட்டங்களில் கால்நடைக் காப்பீட்டுத் திட்டம் சோதனை முறையில் தொடங்கப்பட்டது. 2014 முதல் தேசிய கால்நடை இயக்கத்தின் ஒரு பகுதியாயிற்று. 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை எடுத்த முடிவின்படி, கட்டணத்தில் நூற்றுக்கு 15 பங்கை மட்டும் வளர்ப்பவர் செலுத்தினால் போதும். எஞ்சியதை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன.

பசுவின் மதிப்பு 40,000 ரூபாய், ஆண்டுக் கட்டணம் நூற்றுக்கு மூன்று எனக் கொண்டால், மொத்தம் 1,200 ரூபாய். நம் பங்கு 180 ரூபாய். வாரத்திற்கு நான்கு ரூபாய்கூட இல்லை! ஆடுகளையும் இத்திட்டத்தில் சேர்க்கலாம். ஒதுக்கீடு தீருமுன் மருந்தகத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்வது நலம்.

சில விதிகளை மறக்கலாகாது. காதில் மாட்டும் 12 இலக்க எண் கொண்ட வில்லையே காப்பீட்டின் அடையாளம். அது விழுந்துவிட்டால் உடனே தெரிவித்து வேறு வில்லை போட வேண்டும். கால்நடை இறந்தால், நிறுவனத்திற்கும் மருத்துவருக்கும் தெரிவித்து, பிரேதப் பரிசோதனை முடிந்த பின்னரே புதைக்க வேண்டும். துயரத்தில் அவசரப்பட்டுப் புதைத்துவிட்டு இழப்பீட்டையும் சேர்த்துப் புதைத்துவிடாதீர்கள். இன்னொன்று: இக்காப்பீடு இறப்புக்கு உரியது, மருத்துவச் செலவுக்கு அன்று. எனவே உண்டியல் சேமிப்பும் வேண்டும், காப்பீடும் வேண்டும்.

செலவில்லாத பாதுகாப்பும் உண்டு. 2019 இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ், ஆறு மாதத்திற்கு ஒருமுறை மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. முகாம் நாளன்று மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிச் சென்றுவிட்டால் குற்றம் யாருடையது?

காவல் நாயின் கணக்கு

நாய்க்குக் காப்பீடு வழங்கும் நிறுவனங்கள் இந்தியாவிலும் உள்ளன. எனினும் நம் வீட்டு நாய்க்கு முதற் காப்பீடு வெறிநோய்த் தடுப்பூசியே. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் தொடங்கி ஆண்டுதோறும் போட வேண்டும். அறிகுறி தோன்றிய பின் இந்நோயிலிருந்து பிழைப்பது ஏறக்குறைய இல்லை. கடிபட்டவருக்கு அரசு மருத்துவமனையில் ஊசி இலவசமே. ஆயினும் முதல் நாள், அதிலிருந்து மூன்றாம், ஏழாம், இருபத்தெட்டாம் நாள் என நான்கு முறை செல்ல வேண்டும். நான்கு நாள் கூலியையும் பிள்ளையின் உயிரைக் குறித்த அச்சத்தையும், நாய்க்குப் போடும் ஓர் ஊசியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உலக வெறிநோய் நாளான செப்டம்பர் 28 ஐ ஒட்டி இலவச முகாம்கள் நடப்பதுண்டு. மழைக்கு முன் வரும் நல்ல வாய்ப்பு அது.

பிள்ளைகளின் பிடிவாதத்திற்காகக் குட்டியை வாங்கித் தந்து, செலவு கண்டதும் நெடுஞ்சாலையோரம் விட்டு வருவோரும் நம்மிடையே உண்டு. வளர்க்க இயலுமா என்று கணக்கிட்ட பின்னரே வாங்குவதுதான் இரக்கம். நம்மை நம்பி வாழும் உயிருக்கு நாம் பொறுப்பாளிகள். படைத்தவர் அதன் கணக்கையும் நம்மிடம் கேட்பார்.

சனவரி 17, வனத்து அந்தோணியார் திருநாள். ஆடுமாடுகளை மந்திரிக்கக் கோவிலுக்கு ஓட்டி வரும் அந்நாள், உப்பு வேலை தொடங்கும் பருவத்திலேயே வருகிறது. அன்று தீர்த்தம் தெளித்து முடிந்து வீடு திரும்பியதும், காதுவில்லை இருக்கிறதா, காப்பீடு எந்நாளில் முடிகிறது, நாயின் தடுப்பூசி அட்டை எங்கே என்று குடும்பமாக உட்கார்ந்து பாருங்கள். பின்னர் உண்டியலில் முதல் ஐம்பது ரூபாயைப் பிள்ளைகளின் கையாலேயே போடச் செய்யுங்கள்.